ஆலய மண்டபத்தை ஓசோன் முகாமுக்குக் கொடுக்காதீர்கள்

சுங்கை சிப்புட் வட்டார ஆலய நிர்வாகத்தினருக்கும் நலச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களின் கால் புண்ணை ஓசோன் வாயுவால் ஆற்றித் தருவதாகச் சொல்லும் ஒரு குழு, நம் பக்கத்து மண்டபங்களை வாடகைக்குக் கேட்டு வருகிறது. தயவுசெய்து கொடுக்காதீர்கள். நான் அரசு கிளினிக்கில் புண்ணுக்கு மருந்து கட்டும் அறையில் பல காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாதி. அந்த உரிமையில் கேட்கிறேன்.

முகாமில் நோயாளியின் காலை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, கணுக்காலுக்கு மேலே கட்டி, குழாய் வழியாக ஓசோன் கலந்த ஆக்சிஜனை ஏற்றுகிறார்கள். அப்புறம் ஓசோன் எண்ணெய் என்று ஒரு புட்டியும் விற்கிறார்கள். ஓசோன் கிருமியைக் கொல்லும் என்பது உண்மைதான், குடிநீரைச் சுத்திகரிக்கக்கூட அது பயன்படுகிறது. கால் புண்ணிலும் மருத்துவர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் 2015இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் ஆய்வுக் குழு தேடி எடுத்தபோது தேறியவை மூன்றே ஆய்வுகள், மொத்தம் 212 நோயாளிகள். ஒன்றில் புண்ணின் பரப்பு வேகமாகச் சுருங்கியது. முழுதாக ஆறியவர்களின் எண்ணிக்கையில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. உறுதியாக எதுவும் சொல்ல ஆதாரம் போதாது என்றே அவர்கள் முடித்தார்கள். அவற்றில் இரண்டு ஆய்வுகள், வழக்கமான சிகிச்சையோடு ஓசோனைச் சேர்த்துக் கொடுத்தவை. நம் ஊரிலோ, "கிளினிக் மருந்தை நிறுத்திவிட்டு வாருங்கள்" என்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும் வாயு அது என்பதையும் யாரும் சொல்வதில்லை.

செம்பனை மட்டை வெட்டும் ஒரு அண்ணன், பெருவிரலுக்கு அடியில் முள் ஒடிந்து கிடப்பது தெரியாமல் நடந்தே கிளினிக்குக்கு வந்தார். காலுறை சீழில் ஒட்டிப்போயிருந்தது. அதை உரித்து எடுத்தபோதும் அவர் முகம் சுளிக்கவில்லை, பக்கத்தில் இருந்தவரோடு பேசிக்கொண்டே இருந்தார். நரம்பு மரத்துப்போன கால் அப்படித்தான். அந்த முள்ளை எடுக்க வேண்டும், செத்த சதையைச் சீவ வேண்டும், பாதத்துக்கு ரத்தம் வருகிறதா என்று நாடி பார்க்க வேண்டும், புண்ணின் மேல் உடல் பாரம் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரையும் கட்டுக்குள் வர வேண்டும். அடைத்துப்போன ரத்தக் குழாயைப் பைக்குள் ஏற்றும் வாயு திறந்துவிடாது. புண் ஆறும் என்று வேறெங்கோ காத்திருந்து, கால் கறுத்த பிறகு வந்தவர்களுக்கு நாங்கள் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். ஈப்போ மருத்துவமனைக்கு அனுப்பினோம். சிலர் காலில்லாமல் திரும்பினார்கள்.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. அதனால் கூட்டம் தேடி வருபவர்கள் நம் மண்டபத்தைத்தான் கேட்பார்கள். நீரிழிவுக்குச் சிகிச்சை என்று பொதுமக்களிடம் பொருளோ கருவியோ விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டமும் தடுக்கிறது. நோட்டீஸில் உங்கள் மண்டபத்தின் பெயர் வரும், அதையும் யோசியுங்கள்.

மண்டபத்தைக் கால் பரிசோதனைக்குத் திறந்துவிடுங்கள். கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசு சுகாதார கிளினிக்குக்கு, ஒரு கடிதம் எழுதிக் கேட்டுப் பார்க்கலாம். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலிக்காது. திருவிழாவுக்கு முன்பே வைத்தால் நல்லது. உச்சி வெயிலில் வெறுங்காலோடு ஊர்வலம் வருபவர்களிலும் தீ மிதிப்பவர்களிலும் பாதம் மரத்தவர் யார் என்று அப்போதே தெரிந்துவிடும். பதிவு மேசையில் உட்கார நான் வருகிறேன், என்னோடு வேலை பார்த்த இன்னும் சிலரையும் கூப்பிடுகிறேன். தேதியை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
சுங்கை சிப்புட்