பிள்ளைகள் கேட்ட கேள்விகள்: 2024–25 ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். போன பொதுக்குழுவில் இந்த வருடம் ஒரே ஒரு வேலையைத்தான் பெரிதாக எடுத்துச் செய்வது என்று முடிவெடுத்தோம். நம் பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் வகுப்பில் வாய் திறந்து கேள்வி கேட்க வேண்டும், அதற்கு நம்மால் ஆனதைச் செய்ய வேண்டும். நோட்டு கொடுத்தது, பரிசு கொடுத்தது எல்லாம் வழக்கம்போல் நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் அந்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் போய்ப் பார்ப்போம் என்று, காரைக்குடி, பள்ளத்தூர்ப் பக்கம் அனுமதி கிடைத்த வகுப்புகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். காலையிலிருந்து மாலை வரை கேள்விக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் எல்லாம் டீச்சர் கேட்பவை. பத்தாம் வகுப்புத் தமிழில் வினா ஆறு வகை என்று பிள்ளைகள் படிக்கிறார்கள் அல்லவா, நன்னூல் சொல்கிற அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. விடை தெரிந்த ஒருவர், எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா என்று பார்ப்பதற்காகக் கேட்பது அறிவினா. தெரியாத ஒருவர் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. நாங்கள் உட்கார்ந்திருந்த வகுப்புகளில் நாள் முழுக்க ஓடியது அறிவினாதான். பிள்ளைகள் பக்கத்திலிருந்து வந்த அறியாவினா, 'தண்ணி குடிக்கப் போகட்டுமா', 'இதை நோட்டுல எழுதணுமா' என்ற இரண்டோடு நின்றுவிட்டது. மாணாக்கன் கடமைகளில் ஒன்றாகவே வினாவுதலைச் சொல்லி வைத்த இலக்கணம் நம்முடையது, அதை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற பிள்ளைக்கு ஒரு கேள்வி கேட்க இடமில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களோடு பேசியபோது அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் செய்த வேலையைப் பற்றிப் பேச்சு வந்தது. வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டுப் பார்த்தவர் அவர். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் பதிலுக்காகப் பொறுத்திருந்தது ஏறக்குறைய ஒரே ஒரு விநாடிதான், அதற்குள் அடுத்த பிள்ளையிடம் போய்விடுகிறார்கள் அல்லது தாங்களே பதிலைச் சொல்லிவிடுகிறார்கள் என்று கண்டுபிடித்து, 1970களில் எழுதினார். அதையே மூன்று விநாடிக்கு நீட்டிப் பார்த்தபோது பதில்கள் நீளமாயின, எப்போதும் பேசாத பிள்ளைகள் பேசினார்கள், பிள்ளைகள் தாங்களாகக் கேட்கிற கேள்விகளும் கூடின.

மூன்று விநாடிதானே என்று தோன்றும். ஏழாம் வகுப்பு எடுக்கிற ஒரு டீச்சர் செய்து பார்த்தபோது நான் அங்கே இருந்தேன். "இதுல யாருக்காவது ஏதாவது கேட்கணுமா?" என்று கேட்டுவிட்டு, வாய் தானாகப் பேசிவிடாமல் இருக்க டஸ்டரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. முதல் நாள் யாரும் பேசவில்லை, இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து, "டீச்சர், தொண்டியில எங்க அப்பத்தா வீட்டுக் கம்பி கேட் துருப்பிடிச்சு உதிருது, இங்க அதே மாதிரி கேட் நல்லா இருக்கு, ஏன்?" என்று கேட்டாள். அன்றைய பாடம் வேறு. டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டு அந்தக் கேள்வியைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதினார்.

காரைக்குடியில் இருக்கிற சிக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவரை அடுத்த வாரமே அந்த வகுப்புக்கு அழைத்துப் போனோம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய ஆராய்ச்சி நிறுவனம் அது. அதன் மதில் ஓரமாகத் தினம் பஸ்ஸில் போகிற பிள்ளைகளுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. உலோகம் அரிப்பதை எப்படித் தடுப்பது என்பதும் அங்கே காலங்காலமாக நடக்கிற ஆராய்ச்சி. அவர் நேராகப் பதிலைச் சொல்லவில்லை. "உனக்கு என்னம்மா தோணுது?" என்றார். தொண்டி கடலோர ஊர், அதனால் உப்புக் காத்து என்றாள். "அப்போ உப்பில்லாத தண்ணியில துருப்பிடிக்காதா?" அவளுக்குத் தெரியவில்லை, மற்றவர்களுக்கும் தெரியவில்லை. அப்புறம் மூன்று பாட்டிலில் ஆணி போட்டார்கள். ஒன்றில் சாதாரணத் தண்ணீர், ஒன்றில் உப்புத் தண்ணீர், மூன்றாவதில் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர், காற்று புகாமல் மேலே எண்ணெய். ஒரு வாரத்தில் உப்புத் தண்ணீர் ஆணிதான் அதிகம் துருவேறியிருந்தது, சாதாரணத் தண்ணீர் ஆணியிலும் துரு, எண்ணெய் மூடிய பாட்டிலில் ஆணி கிட்டத்தட்ட அப்படியே. துருப்பிடிக்கத் தண்ணீரோடு ஆக்சிஜனும் வேண்டும், உப்பு சேர்ந்தால் அயனிகள் கூடித் தண்ணீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும், அதனால் வேகம் கூடுகிறது என்று அவர் விளக்கியபோது, மின்வேதியியல் என்று கேட்டில் எழுதியிருக்கிற பெயருக்கு என்ன அர்த்தம் என்பதும் பிள்ளைகளுக்குப் புரிந்தது.

ஆத்தங்குடிக்குப் போனதையும் சொல்ல வேண்டும். தரையில் பதிக்கிற பூ ஓடு போடுகிற அண்ணன் இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து, அதன்மேல் அச்சை வைத்து, கரண்டியால் ஒவ்வொரு நிறமாக ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, காய்ந்த மணலும் சிமெண்டும் தூவி, மேலே கலவையை நிரப்பி மட்டம் செய்வதைப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். கண்ணாடியில் படிந்த பக்கம்தான் வழவழப்பாக வருகிறது. இறுகிய ஓட்டைத் தொட்டித் தண்ணீரில் இறக்கியதும் ஒரு பையன் கேட்டுவிட்டான், "அண்ணே, வெயில்ல காயப்போட்டா சீக்கிரம் கெட்டியாகுமே, ஏன் தண்ணியில போடுறீங்க?" "தண்ணியில கெடந்தாத்தான் தம்பி கல்லு கெட்டிப்படும்" என்றார். ஏன் என்று பையன் அறிவியல் சாரைப் பார்த்தான். சார், "எனக்கு இப்போ சரியாச் சொல்லத் தெரியலப்பா, திங்கட்கிழமை படிச்சிட்டு வந்து சொல்றேன்" என்றார். இந்த வருடம் நான் கேட்ட வார்த்தைகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். சொன்னபடி திங்கட்கிழமை வந்து, சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வேதிவினை நடந்துதான் இறுகுகிறது, ஈரம் போய்விட்டால் அந்த வினை பாதியில் நின்றுவிடும் என்று சொன்னார். உடனே பின்னாலிருந்து ஒரு பெண், "அப்போ எங்கப்பா புதுசாக் கட்டுன சுவத்துக்கு சாயங்காலம் தண்ணி அடிக்கிறது அதுக்குத்தானா சார்?" என்றாள். அவள் அப்பா கொத்தனார். அந்த வகுப்பில் அதுவரை அவள் எதுவும் கேட்டதில்லையாம்.

சரியாக வராததையும் எழுதிவிடுகிறேன். கேட்கக் கூச்சப்படும் பிள்ளைகளுக்காகக் கேள்விப் பெட்டி வைத்தோம். ஒரு பள்ளியில், கையெழுத்தை வைத்து யார் எழுதியது என்று கண்டுபிடித்து, அந்தப் பையனை எழுப்பி நிற்க வைத்து விசாரித்திருக்கிறார்கள். அவன் கேட்டது ஒன்றும் தப்பான கேள்வி இல்லை. அதோடு பெட்டி காலியாகிவிட்டது. வைப்பதற்கு முன் அங்கே எல்லா ஆசிரியர்களிடமும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும், நான் தலைமை ஆசிரியரிடம் மட்டும் பேசிவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பையனை நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை. பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டோம்.

பெற்றோரில் சிலர், போர்ஷன் முடியாது, மார்க் குறையும் என்று சண்டைக்கே வந்தார்கள். அவர்கள் பயம் நியாயமானது, தேர்வு தேர்வுதான். ஆசிரியர்களோடு பேசி, ஒரு பீரியடின் கடைசி ஐந்து நிமிடம் மட்டும், அதுவும் வாரத்தில் இரண்டு நாள் என்று ஒத்துக்கொண்டோம். அதற்கு மேல் கேட்க நமக்கு உரிமையும் இல்லை.

கடைசியாக, இன்னும் முடியாத ஒன்று. செட்டிநாட்டு வீடுகளின் உள்கட்டான வளவு முற்றத்தில் விழுகிற மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்று கானாடுகாத்தான் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். ஊருணிக்குத்தான் போகும் என்றார் பழைய வீட்டு ஆச்சி ஒருவர். சரி, பார்த்துவிடுவோம் என்று வாய்க்கால் பிடித்து நடந்தார்கள், நானும் கூட நடந்தேன். இரண்டு தெரு தாண்டியதும் புது சிமெண்ட் ரோட்டுக்கு அடியில் வாய்க்கால் மறைந்துவிட்டது, மறுபக்கம் தேடியும் கிடைக்கவில்லை. 'இந்த வாய்க்கால் எந்தப் பக்கம் போகிறது, இப்போது தண்ணீர் எங்கே நிற்கிறது?' என்று பிள்ளைகளே தங்கள் கையெழுத்தில் ஊராட்சிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. மழைக்காலத்தில் மறுபடி நடக்கப் போகிறார்கள், கூட வர முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள், குடை அவசியம்.

செயலாளர்