ஆண்டை மட்டும் மனப்பாடம் செய்யவா இந்தப் பாடம்?

பள்ளிப் பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் முடிவு செய்யும் பெரியோர்களுக்கு,

வணக்கம். சமூக அறிவியலில் குடிமையியல் படும் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. வரலாறும் புவியியலும் முடிந்து, திருப்புதல் தேர்வு நெருங்கும்போது, "முக்கியமானதுக்கு மட்டும் கோடு போட்டுக்கோங்க" என்று ஓட்டப்படும் பகுதி அது. அந்த ஓட்டத்தில் முதலில் மிதிபடுவது ஆண் பெண் சமத்துவம்தான்.

சென்ற மாதம் என் மகளின் ஒன்பதாம் வகுப்பில் மனித உரிமைகள் பாடம். பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு, தமிழ்நாட்டில் 1989-இல் சட்டத் திருத்தம் என்று ஆசிரியர் சொல்ல, எல்லாரும் ஆண்டுக்குக் கோடு போட்டார்கள். ஒரு பிள்ளை எழுந்து, "அப்போ எங்க அத்தை ஏன் சார் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல போய் எழுதிக் கொடுத்தாங்க?" என்று கேட்டாள். "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரு." பையன்கள் சிரித்தார்களாம்.

அவள் கேட்டதுதான் அன்றைய பாடம். விடுதலைப் பத்திரம் என்று ஒன்று இருக்கிறது. 'எனக்குச் சேர வேண்டியதைப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று அதில் எழுதியிருக்கும். பெற்றது என்னவென்று பார்த்தால் பல வீடுகளில் ஒரு பட்டுப்புடவையும் மதியச் சாப்பாடும். பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் மூடிவிடும், நாளைக்குப் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி கிடைக்காது என்ற பயத்தில் போடும் கையெழுத்து அது. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டார்கள். சட்டமாக அறுபது ஆண்டு ஆனது. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. பிறப்பாலேயே வரும் உரிமை இது என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இத்தனையும் நடந்த பிறகும் அத்தை ஏன் கையெழுத்துப் போட்டாள் என்பதை வகுப்பில் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

என் கோரிக்கை ஒன்றுதான். இந்தப் பாடத்தைப் பிள்ளைகளைப் பேசவிட்டு நடத்தச் செய்யுங்கள். பையன்களையும் உட்கார வைத்து. நாளைக்கு அக்கா தங்கையிடம் பத்திரத்தை நீட்டப்போவது அவர்கள்தானே.

பேசினால் என்ன மாறிவிடும் என்பீர்கள். பெண் சிசுக்கொலை, கருக்கலைப்பு என்று நாம் முகம் சுளிக்கும் அரியானாவில், அரசுப் பள்ளிகளில் ஏழாம் வகுப்பிலிருந்து இரண்டரை ஆண்டு இப்படிப் பேசவிட்டுப் பார்த்தார்கள். பிள்ளைகளின் எண்ணம் மாறியது. பையன்கள் வீட்டு வேலையில் கூடுதலாகக் கை கொடுப்பதாகச் சொன்னார்கள். அதைப் பார்த்துப் பஞ்சாபும் ஒடிசாவும் தங்கள் அரசுப் பள்ளிகளுக்கு எடுத்துக்கொண்டன. சமூக நீதி மண் என்று மேடைதோறும் சொல்லிக்கொள்ளும் நமக்கு என்ன தயக்கம்?

நாமும் சும்மா இருக்கவில்லைதான். மகளிர் தினம் வந்தால் கோலப்போட்டி வைக்கிறோம், அடுப்பில்லாச் சமையல் போட்டி வைக்கிறோம். சிறப்பு விருந்தினர் வந்தால் பெண் பிள்ளைகளுக்குப் புடவை கட்டி, பன்னீர்ச் சொம்போடு வெயிலில் நிறுத்துகிறோம். அவரும் இறங்கி வந்து, சந்தனம் தொட்டுக்கொண்டு, பெண் விடுதலை பற்றி முக்கால் மணி நேரம் பேசிவிட்டுப் போகிறார். கைதட்டுவதற்கும் அதே பிள்ளைகள்தான்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. பாடத்தை முடிக்கச் சொல்லி நெருக்குகிறோம், அவர்களும் முடிக்கிறார்கள். எந்த ஆண்டு என்று கேட்கும் வினாத்தாள் இருக்கும்வரை ஆண்டைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். ஆகவே அடுத்த கல்வியாண்டிலாவது இந்தப் பக்கங்களுக்கென்று தனிப் பாடவேளைகள் ஒதுக்குங்கள். ஆசிரியர் பயிற்சியில் ஒரு நாளாவது இதற்குக் கொடுங்கள். விடுதலைப் பத்திரத்தின் மாதிரி ஒன்றை அச்சிட்டு, ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து படித்துப் பேசும்படி வகுப்புக்குக் கொடுங்கள். பேசவிட்டு நடத்துங்கள் என்று மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்