பேஸ் வந்துவிட்டதா என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள ஜெபா,

உன் கடிதம் கிடைத்துப் பல நாளாகிறது. அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் பதில் எழுத உட்கார முடியவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த மறுநாளே பேப்பரை விரித்து வைத்து ஓரத்து வரி விளம்பரம் வரைக்கும் வாசித்துவிட்டாள். உன்னைப் பற்றிக் கேட்டாள். "ஜெபா இன்னும் அந்தச் சத்தமெல்லாம் கேக்கானா?" என்றாள். கேட்கிறான், சர்ச்சில் வாசிக்கவும் செய்கிறான் என்றேன். சின்னவள் நல்ல மார்க் எடுத்ததை எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். கோயம்புத்தூரில் சேர்க்க நினைத்தால் தயங்காமல் சொல்லு. நம் வீடு இருக்கிறது.

அமெரிக்க மெட்டல் இசைக்குழு மெட்டாலிகாவின் 1988 ஆல்பம் 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்', அதன் ரீமாஸ்டர், அதாவது பழைய பதிவை மறுபடி மெருகேற்றிய எல்.பி. தட்டை வாங்கிவிட்டேன் என்று நான் எழுதியதற்கு நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தாய். பேஸ் வந்துவிட்டதா? பழைய பதிப்பில் பேஸ் கிட்டாரின் கனத்த அடிச்சத்தம் காதில் விழாமலே போனதால்தான் அப்படிக் கேட்டாய்.

வரவில்லை மக்கா. இனியும் வராது. ஆனால் அதைக் குறையாகச் சொல்வதற்கு இந்தக் கடிதத்தை எழுதவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டபின், வராமல் இருப்பதே சரி என்ற இடத்துக்கு வந்திருக்கிறேன். பேஸ் வாசிக்கிற உன்னிடம் இதைச் சொல்வது லேசான காரியம் இல்லை என்று தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1986 செப்டம்பர் 27. சுவீடனில் பஸ் கவிழ்ந்து மெட்டாலிகாவின் பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்தபோது அவருக்கு வயது 24. சில வாரங்களிலேயே அவர் இடத்தில் பேஸ் வாசிக்க ஜேசன் நியூஸ்டெட்டைச் சேர்த்துக்கொண்டு மறுபடி மேடை ஏறிவிட்டார்கள். அழுது தீர்க்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. அந்தத் துக்கம் புதிதாக வந்தவர் தலையில் கேலியாகவும் சீண்டலாகவும் இறங்கியது. ஜேசனை எப்படி நடத்தினார்கள் என்பதை மற்றவர்களே பின்னாளில் பேட்டிகளில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 1988-இன் முதல் பாதியில் லாஸ் ஏஞ்சல்ஸில் பதிவு நடந்தபோது ஜேசன் தன் பகுதியை ஓர் உதவிப் பொறியாளரை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்து முடித்தார். இது வேண்டும், அது வேண்டாம் என்று சொல்ல மற்ற மூவரும் அங்கே இல்லை. பெரும்பாலும் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் ரிதம் கிட்டாரையே அச்சாகப் பின்தொடர்ந்து வாசித்தார்.

தனித்தனியாகப் பதிவான வாத்தியங்களை அளவு பார்த்துச் சேர்க்கிற மிக்ஸிங் நியூயார்க் மாநிலத்தில், பேர்ஸ்வில் ஸ்டூடியோவில் நடந்தது. செய்தவர்கள் ஸ்டீவ் தாம்ப்ஸனும் மைக்கேல் பார்பியெரோவும். அதே சமயத்தில் இசைக்குழு வான் ஹேலன், ஸ்கார்ப்பியன்ஸோடு அமெரிக்காவின் ஸ்டேடியங்களில் சுற்றுப்பயணம் போய்க்கொண்டிருந்தது. நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஜேம்ஸும் டிரம்ஸ் வாசிக்கும் லார்ஸ் உல்ரிக்கும் பறந்து வந்து மிக்ஸைக் கேட்டுவிட்டுத் திரும்புவார்கள். ஸ்டேடிய மேடையில் நின்ற காதோடு நேராக மிக்ஸிங் மேஜைக்கு வந்தால் எது எவ்வளவு கேட்கும் என்று உனக்கே தெரியும். பேஸைக் குறை, கேட்டும் கேட்காமலும் ஆகும்வரை குறை, அதற்கப்புறம் இன்னும் சில டெசிபல் குறை என்று லார்ஸ் சொன்னதாகத் தாம்ப்ஸன் பல வருடம் கழித்து ஒரு பேட்டியில் சொன்னார். அந்த பேஸ் பதிவு அருமையானது, அதைக் கேட்ட வெகு சிலரில் நானும் ஒருவன் என்று தயாரிப்பாளர் ஃப்ளெமிங் ராஸ்முஸனும் சொல்லியிருக்கிறார். ஆக, வாசித்தது மோசம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இனி ரீமாஸ்டருக்கு வருகிறேன். 2018 நவம்பரில் இந்த மறுவெளியீடு வந்தபோது உலகம் முழுக்க ரசிகர்கள் உன் கேள்வியையேதான் கேட்டார்கள். ரீமாஸ்டர் செய்பவர் கையில் இருப்பது மிக்ஸ் முடிந்து இடது, வலது என்று இரண்டே தடங்களாகச் சுருங்கிய டேப். அரைத்து முடித்த மாவிலிருந்து உளுந்தை மட்டும் தனியே எடுக்க முடியுமா? பேஸின் அடித்தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ், கிட்டாரின் அடித்தந்தி 82. அந்த வட்டாரத்தை மட்டும் ஈக்யூவில், அதாவது ஒலியின் ஒரு பகுதியைக் கூட்டிக் குறைக்கிற கருவியில், தூக்கினால் ஜேசன் மட்டும் எழுந்து வரமாட்டார். லார்ஸின் கிக் டிரம்மும், ஜேம்ஸ் உள்ளங்கையால் தந்தியை அமுக்கி அடிக்கிற அடியும் சேர்ந்தே எழும். பேஸை உயர்த்த வேண்டுமென்றால் பல தட டேப்பை எடுத்து முதலிலிருந்து மறுபடி மிக்ஸ் செய்ய வேண்டும். அது வேறு வேலை. அந்த வேலையைச் செய்ய மெட்டாலிகா மறுத்துவிட்டது. இந்த ஆல்பங்கள் அந்தந்தக் காலத்தின் பதிவு, இருந்தபடியே இருக்கட்டும் என்பதுதான் ஜேம்ஸ் சொன்னதன் சாரம்.

என்னிடமிருக்கும் பழைய சி.டி.யையும் இதையும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டேன். அப்படிக் கேட்கும்போது இரண்டின் சத்தத்தையும் முதலில் சமமாக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் எது உரக்கக் கேட்கிறதோ அதுவே நல்லது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். சமமாக்கியபின் எனக்குத் தெரிந்த வித்தியாசம் சிறியதுதான், ஆனால் உண்மையானது. 'பிளாக்கன்ட்' ஆரம்பத்தில் கிட்டார்களைத் தலைகீழாக ஓடவிட்டிருப்பார்களே, அந்த அடுக்குகள் இப்போது ஒன்றன் பின்னால் ஒன்றாகப் பிரிந்து நிற்கின்றன. சிம்பல் ஓசை கூர்மை குறைந்து, அடங்கும்வரை கேட்கிறது. 'ஒன்' பாட்டின் முதல் பாதியில் விரலும் தந்தியும் உரசுவது முன்பைவிடப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டாம் பாதியில் இரட்டை கிக் டிரம்மும் கிட்டாரும் இயந்திரத் துப்பாக்கி மாதிரி சேர்ந்து இறங்கும் இடத்தில் அந்த வறண்ட 'டக்' ஓசை அப்படியே இருக்கிறது. அதற்குச் சதை போட யாரும் முயலவில்லை. அதற்காகவே அவர்களுக்கு நன்றி சொல்லலாம்.

65 நிமிட ஆல்பத்தை இரண்டு தட்டுகளில் பரப்பியிருப்பதால் தடங்கள் நெருக்கியடிக்காமல் தாராளமாக இருக்கின்றன. பெரிய பெட்டிப் பதிப்பும் உண்டு, டெமோக்கள், முடிவாகாத முதல்கட்ட மிக்ஸ்கள், நேரடி நிகழ்ச்சிகள் எல்லாம் சேர்த்து. நான் அதை வாங்கவில்லை.

'டு லிவ் இஸ் டு டை' பாட்டைப் பற்றி உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். கிளிஃப் விட்டுச்சென்ற இசைத்துண்டுகளை வைத்துக் கட்டிய, ஏறக்குறைய பத்து நிமிட வாத்தியப் பாட்டு. நடுவில் நான்கு வரி மட்டும் பேச்சாக வரும். இறந்துபோன பேஸ் கலைஞனுக்கு எழுப்பிய நினைவுச்சின்னம் இது, இதிலேயே பேஸைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது! கனமான கிட்டார்கள் நகரும்போது கீழே ஒரு பள்ளம் தெரிகிறது. கல்லூரி நாட்களில் நாம் கேசட்டில் கேட்டபோது டேப் ரெக்கார்டர்தான் சரியில்லை என்று நினைத்தோம். இப்போது நல்ல ஸ்பீக்கரில், நல்ல பதிப்பில் கேட்கும்போது அந்தப் பள்ளம் இன்னும் துல்லியமாகத் தெரிகிறது. அவர்கள் துக்கத்தை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்கு வேண்டாம். 2018-இல் யாராவது வந்து அதை நிரப்பியிருந்தால் அந்தச் சாட்சியம் அழிந்திருக்கும்.

அழித்த கதையும் இருக்கிறது. பாடகர் ஓஸி ஆஸ்போர்னின் முதல் இரண்டு தனி ஆல்பங்கள் உனக்குத் தெரியும், 1980-இல் வந்த 'பிளிஸார்ட் ஆஃப் ஓஸ்', 1981-இன் 'டயரி ஆஃப் எ மேட்மேன்'. இரண்டிலும் பேஸ் பாப் டெய்ஸ்லி, டிரம்ஸ் லீ கெர்ஸ்லேக். டெய்ஸ்லி பாட்டு வரிகளையும் நிறைய எழுதியவர். பெயர், ராயல்டி விஷயத்தில் இருவரும் வழக்குப் போட்டிருந்தார்கள். 2002-இல் மறுவெளியீடு வந்தபோது இருவர் வாசிப்பையும் எடுத்துவிட்டு, வேறு இருவரை வைத்துப் புதிதாக வாசித்துச் சேர்த்திருந்தார்கள். ராண்டி ரோட்ஸின் கிட்டார் 1982-இல் அவர் இறப்பதற்கு முன் பதிவானது. அதன் கீழே இருபது வருடம் கழித்து வாசித்த டிரம்ஸும் பேஸும். மோசமாக வாசித்திருக்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் ராண்டி ஒரு சொடுக்குப் போடும்போது டெய்ஸ்லி பதில் சொல்வாரே, அந்தப் பேச்சுவார்த்தை அற்றுப்போனது. ராண்டி கேட்டு வாசித்த மனிதர்கள் அந்த அறையில் இல்லை. ரசிகர்கள் கொதித்தார்கள். 2011-இல் மூலப் பதிவோடு மறுபடி வெளியிட்டார்கள். கெர்ஸ்லேக் 2020-இல் காலமானார், 2025-இல் ஓஸியும் போய்விட்டார் என்றாலும், இந்த விஷயத்தில் என் வருத்தம் குறையவில்லை. கடைக்குப் போய் வாங்கும்போது 2002 பதிப்பா என்று பின்னட்டையைப் பார்த்துவிட்டு வாங்கு.

அந்த 2002 பதிப்பில் டெய்ஸ்லிக்குப் பதிலாக பேஸ் வாசித்தவர் யார் தெரியுமா? ராபர்ட் ட்ருஹியோ. அடுத்த வருடமே மெட்டாலிகாவில் சேர்ந்தவர். 2011 அக்டோபர் 30, பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் நாம் இருவரும் கழுத்து வலிக்கத் தலையாட்டியபோது மேடையில் குனிந்து, பேஸை முழங்காலுக்குத் தொங்கவிட்டு நண்டு மாதிரி நடந்தாரே, அவரேதான். அன்றைக்கு 'ஒன்' வாசித்தபோது பேஸ் நெஞ்சுக்கூட்டில் அடித்தது. நீ என் தோளைப் பிடித்து "இதுதாண்டா அது!" என்று கத்தினாய். மேடையில் அந்தப் பாட்டுகளுக்கு பேஸ் கிடைத்துவிட்டது. ஜேசனே 2001-இல் விலகும்வரை ஒவ்வொரு மேடையிலும் அதை முழுசாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாட்டு வளரவேண்டிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன். தட்டில் 1988 இருக்கட்டும்.

மிக்ஸில் நடந்ததை மாஸ்டரிங்கில் திருத்த முடியாது என்பதற்கு இன்னொரு உதாரணமும் மெட்டாலிகாவே கொடுத்தது. 2008-இன் 'டெத் மேக்னெட்டிக்'. எல்லாவற்றையும் உச்சத்துக்கு நசுக்கி, டிரம்ஸ் விழும் இடமெல்லாம் கரகரவென்று கிழிகிற ஆல்பம். என் கைக்கு வரும்போதே அப்படித்தான் வந்தது என்றார் மாஸ்டரிங் செய்தவர். 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமில் வந்த அதே பாட்டுகள் நசுங்காமல் நன்றாக இருந்தன என்று ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்தால் நான் வரவேற்பேன். அங்கே இழந்தது வெறும் ஒலித்தரம், அதற்குப் பின்னால் ஒரு மனிதரின் மரணமோ இன்னொருவரின் அவமானமோ இல்லை.

உங்கள் கொயரில் கீபோர்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பையனைப் பற்றி எழுதியிருந்தாய். பழைய வாத்தியார் இருந்த இடத்தில் அவன் உட்காருவதையே பெரியவர்களுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை, அவன் என்ன வாசித்தாலும் "அவர் இப்படி வாசிக்க மாட்டார்" என்கிறார்கள் என்று. மிக்ஸர் உன் கையில்தானே இருக்கிறது ஜெபா. அவன் சத்தத்தை மேலே வை. வாத்தியாரை நினைத்து அழவேண்டியவர்கள் தனியாக அழட்டும். அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, நீ வாசிப்பதை அவன் கேட்கவும் அவன் வாசிப்பதை நீ கேட்கவும் செய். ஜேசனோடு ஒரே ஒரு ஆள் அப்படி உட்கார்ந்திருந்தால் இந்த ஆல்பம் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு நாகர்கோவில் வரலாம் என்றிருக்கிறோம். தட்டு இரண்டையும் கொண்டுவருகிறேன். டர்ன்டேபிள் உன் மச்சானிடம் இருக்கிறதே, வாங்கி வை. உன் ஆம்ப்பையும் முன்னறைக்கு இழுத்துப் போடு. சர்ச்சில் ஒரு பகுதி மட்டும் இல்லாத மைனஸ் ட்ராக் போட்டு ஒத்திகை பார்ப்பீர்களே, அதே போல இந்தத் தட்டை ஓடவிட்டு நீ அதற்கு பேஸ் வாசிக்க வேண்டும். 'பிளாக்கன்ட்' முதலில். ஜேசன் பெயரும் சேர்ந்திருக்கும் பாட்டு அது ஒன்றுதான் இந்த ஆல்பத்தில். தாளம் மாறி மாறி வரும், வேகமும் அதிகம், ஆகவே இப்போதே பழகத் தொடங்கு. ஷீலாவிடம் அன்றைக்கு மத்தியானம் பக்கத்து வீட்டில் சொல்லி வைக்கச் சொல்லு.

அன்புடன்,
முத்து