கிராமச் சுற்றுலா: முறையும் கணக்கும் ஊர் கையில் இருக்கட்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமச் சுற்றுலா என்றதும் எங்கும் முதலில் பேசப்படுவது குடிலும் வரவேற்பு வளைவும்தான். ஊர்க்காரர்களுக்கு என்ன பங்கு என்று கேட்டால், 'வேலை கிடைக்கும்' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு எத்தனை பேர் வரலாம், சமையலுக்கு எங்கே வாங்குவது, வந்த பணத்தை என்றைக்குப் பிரிப்பது என்று ஊர் முடிவு செய்கிறதா? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கோவையிலிருந்து சுமார் 70 கி.மீ. தொலைவில், காரமடை வனச்சரகத்தில் பில்லூர் அணையின் நீர்த்தேக்கக் கரையில் இருக்கிறது பரளிக்காடு. வனத்துறை ஏற்பாட்டில், முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் அங்கே சூழல் சுற்றுலா நடக்கிறது. போனதும் சுக்குக் காபி, பிறகு பரிசல் பயணம், மதியம் சுயஉதவிக் குழுப் பெண்கள் சமைத்த சாப்பாடு. பரிசல் ஓட்டுவதும் பழங்குடி மக்களே. இதைப் பார்த்துவிட்டு மற்ற ஊர்களிலும் தொடங்க நினைப்பவர்கள் பரிசலைக் கணக்கில் எடுக்கிறார்கள். அதன் பின்னால் இருக்க வேண்டிய ஏற்பாட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. அதற்காகவே இந்தக் கடிதம்.

முதலில் முறை. ஏரித் தண்ணீருக்கு முறை வைத்துப் பழகிய ஊர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் பரிசலுக்கு நாள் கணக்கில் முறை வைத்தால் சண்டை வரும். மழை பெய்த ஞாயிற்றுக்கிழமை யாருடைய முறையோ அவருக்கு அன்று வருமானம் இல்லை. அடுத்த முறை வர மூன்று வாரம் ஆகலாம். அதனால் முறையை நடைக் கணக்கில் வைக்க வேண்டும். ஒரு பரிசலில் நான்கு பயணிகள் என்றால் நாற்பது பேருக்குப் பத்து நடை. இன்று பத்தாவது பெயரோடு நின்றால், அடுத்த நாள் பதினோராவது பெயரிலிருந்து தொடங்க வேண்டும். பட்டியல் கரையிலேயே கரும்பலகையில் இருக்கட்டும். ஒருவரின் நோட்டுக்குள் இருக்கும் பட்டியலை யாரும் நம்ப மாட்டார்கள்.

சமையலில்தான் பணம் அதிகம் வெளியே போகிறது. நாற்பது பேருக்குச் சோறும் களியும் சேர்த்துப் போடுவதென்றால் அரிசி 5 கிலோ, ராகி மாவு இரண்டரை கிலோ, துவரம்பருப்பு ஒன்றேகால் கிலோ, காய்கறி 8 கிலோ, தயிர் 4 லிட்டர் தேவைப்படும். இதில் ராகி, அவரை, பூசணி, வாழைக்காய், தயிர் எல்லாம் பக்கத்து ஊர்களிலேயே கிடைப்பவை. ஆனாலும் எல்லாமே டவுன் மளிகைக் கடையிலிருந்து வருகிறது. காரணம், விவசாயியிடம் பில் இல்லை. தணிக்கைக்குப் பில் வேண்டும். குழுவின் பெயரில் கொள்முதல் சிட்டை அச்சடித்து, பொருள், எடை, விலை, கையெழுத்து என நான்கு கட்டம் போட்டு, அதையே செலவுச் சீட்டாக ஏற்றுக்கொள்வதாகத் தொடக்கத்திலேயே எழுதி வாங்கிவிட்டால் இந்தத் தடை நீங்கும்.

இன்னொரு தடை, காய்கறி வரத்து சீராக இல்லாதது. கேரளத்தின் குமரகத்தில் 2008இல் பொறுப்புச் சுற்றுலாத் திட்டம் தொடங்கியபோது ஹோட்டல்களுக்கு உள்ளூர்க் காய்கறியைக் கொடுப்பது அதன் முக்கியமான வேலையாக இருந்தது. அம்மாநில மகளிர் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயின் பெண்களும் அதில் இறங்கினார்கள். விலைக்கு ஒரு குழு, தரத்துக்கு ஒரு குழு என்று வைத்ததால் பேரம் தனிமனிதச் சண்டையாக மாறவில்லை. சின்ன ஊருக்கு இவ்வளவு வேண்டாம். எந்த மாதம் எந்த வீட்டில் என்ன காய்க்கும் என்று ஒரு தாளில் எழுதி, அதைப் பார்த்து உணவுப் பட்டியலை மாற்றினால் போதும். ஆண்டு முழுவதும் ஒரே வெஜிடபிள் பிரியாணி என்று பிடிவாதம் பிடித்தால் காரட்டும் பீன்ஸும் வெளியிலிருந்துதான் வரும். சனிக்கிழமைக்கான தலைக்கணக்கு வியாழன் மாலையோடு முடிய வேண்டும். வராதவர்களின் உணவுப் பணத்தைத் திருப்பித் தரக்கூடாது. காய் ஏற்கெனவே பறித்தாயிற்று.

பணம் வாராவாரம் கைக்குப் போக வேண்டும். இணையத்தில் பதிவுக் கட்டணம் ஓரிடத்தில் சேர்ந்து, அனுமதி வாங்கி, இரண்டு மூன்று மாதம் கழித்து ஊருக்கு வந்தால் அன்றாடக் கூலியை நம்பும் குடும்பம் காத்திருக்காது. கட்டட வேலைக்குப் போய்விடும். பிறகு 'உள்ளூர் ஆட்கள் ஒழுங்காக வருவதில்லை' என்று அவர்கள் மேலேயே பழி விழும். ஒரு மாதக் கூலிக்குப் போதுமான சுழல்நிதியைக் குழுவின் வங்கிக் கணக்கில் வைத்து, திங்கட்கிழமை ஊர் மந்தையில் கணக்கை வாசித்துப் பட்டுவாடா செய்யலாம். வரவில் நூற்றுக்குப் பதினைந்தைப் பராமரிப்புக்கு எடுத்து வைக்காமல் பிரிக்கக்கூடாது. பூசிய தார் உதிர்ந்த இடத்தில் பரிசலின் அடிமூங்கில் உளுத்துப்போகும். லைஃப் ஜாக்கெட்டின் வார் அறுந்திருந்தால் அது வெறும் சட்டைதான். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடித்துத் துணி நைந்துபோகும். குழந்தைகள் அளவில் தனியாக வேண்டும்.

எத்தனை பேரை அனுமதிப்பது என்பதைப் பரிசல் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்வது பெரிய தவறு. கழிப்பறையை வைத்து முடிவு செய்யுங்கள். இரண்டு மணி நேரம் மலைப்பாதையில் வந்து இறங்கும் நாற்பது பேரும் ஒரே நேரத்தில்தான் தேடுவார்கள். பெண்களுக்கு மூன்று, ஆண்களுக்கு இரண்டு இல்லையென்றால் வரிசை காட்டுக்குள் நீளும். இரட்டைக்குழிக் கழிப்பறை வீட்டுக்கு நல்லது; நீர்மட்டம் மேலே இருக்கும் ஆற்றங்கரையில் கழிவு ஊறித் தண்ணீரில் கலக்கும். அங்கே அடியும் பக்கமும் பூசிய தொட்டி கட்டி, உறிஞ்சி எடுக்க லாரி வர வழியும் விட வேண்டும்.

அணைக்குக் கீழே குளிக்க விடுவதாக இருந்தால் மின்நிலையத்தில் கேட்காமல் யாரையும் ஆற்றில் இறக்கக்கூடாது. மின் உற்பத்தி தொடங்கினால் மழையே இல்லாத நாளிலும் தண்ணீர் ஏறும். நீர்த்தேக்கத்தில் மதியத்துக்குமேல் காற்று கூடும், பரிசல் சுழலும். ஆகவே எல்லா நடையும் காலையிலேயே முடியட்டும். யானை இறங்கும் பாதையில் கடைசி வண்டி மாலை நான்கு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். இந்த நேரத்தை ஊர்க்காரர் சொல்லும்போது அதிகாரியின் விருந்தினர் என்று யாருக்கும் விலக்கு கிடையாது.

இருளர் பழங்குடியினரின் ஆட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாப்பிட்டு முடித்தவர்கள் 'கொஞ்சம் ஆடிக் காட்டுங்களேன்' என்று கேட்பது மனதை வருத்துகிறது. சாவுக்கும் சாமிக்கும் உரிய ஆட்டங்கள் அவர்களிடம் இருக்கின்றன. எதைக் காட்டலாம், எப்போது காட்டலாம், எதைப் படம் எடுக்கக்கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் தனி. சாப்பாட்டுக் கட்டணத்தில் அதைச் சேர்க்கக்கூடாது.

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. புதிய இடத்தை அறிவிக்கும் முன் ஆள் எண்ணிக்கை, முறைப்பட்டியல், பட்டுவாடா நாள் மூன்றையும் அந்தக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாக எழுத வேண்டும் என்று சுற்றுலாத் துறையையும் வனத்துறையையும் கேட்டுக்கொள்கிறோம். அந்தத் தீர்மானத்தின் நகலும் போன வாரத்து வரவு செலவும் டிக்கெட் வாங்கும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்கட்டும்.

இப்படிக்கு,
கிராமச் சுற்றுலாப் பயிற்சியாளர்கள்,
மேட்டுப்பாளையம்