கைப்பிடியை விட்டால் விமானம் நேராகத்தான் போகும்

அன்புள்ள தம்பி,

சித்தியிடம் விமானப் பெட்டியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பழைய தேயிலைப் பெட்டிதான். உள்ளே ஒட்டிய ஈயத்தாள் இன்னும் முழுசாக இருக்கிறது. மேலே கருவாட்டுப் பார்சலை வைத்துவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். வைத்திருப்பார். எல்லாம் அட்டைப் பொம்மைகள்: பிரிட்டிஷ் போர்விமானம் ஹரிக்கேன் ஒன்பது, ஜப்பானியப் போர்விமானம் சீரோ பன்னிரண்டு, கடலை வேவு பார்க்கிற கட்டலினா ஒன்று. பண்டாரவளைக்கு வந்து சேர்ந்ததும் எண்ணிப் பார்த்துச் சொல்.

ஏப்ரல் லீவில் கூட்டாளிகள் ஐந்து பேரைச் சேர்த்து நீயே ஆட்டத்தை நடத்தப்போவதாகச் சொன்னாய். நல்லது. ஆனால் போனில் நீ முதலில் கேட்டது, "அக்கா, யாருக்கு என்ன சக்தி கொடுக்கலாம்?" என்பது. நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். என் முதல் ஆட்டம் நாசமாய்ப் போனதும் அதனால்தான். வேறு சிலரும் இதையே கேட்டிருப்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன், கோபிக்காதே.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இது மேசைமேல் ஆடும் கதையாட்டம். ஒவ்வொருவரும் ஒரு விமானி. அந்த விமானி என்ன பேசுகிறான், என்ன செய்கிறான் என்பதை ஆடுகிறவரே சொல்வார். ஒருவர் மட்டும் நடத்துநர். எதிரி, வானிலை, மற்ற மனிதர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. சண்டை மூண்டால் சின்ன விமானப் பொம்மைகளைக் கட்டம் போட்ட துணியில் நகர்த்துவோம், தாயக்கட்டை உருட்டுவோம். எங்கள் கதை 1942 ஏப்ரலில், ஜப்பான் இலங்கையைத் தாக்கியபோது, இலங்கை வானத்தில் நடக்கிறது. அதில் ஒரே ஒரு பொய்: சிலருக்கு மனிதரை மீறிய சக்தி உண்டு. மற்றதெல்லாம் முடிந்தவரை உள்ளபடி.

முதல் ஆட்டம் தலவாக்கலைப் பக்கம் எங்கள் தோட்டத்துச் சனசமூக நிலையத்தில் நடந்தது. ஒருவன் இரும்பைக் கையால் கிழிக்கிற பலம் கேட்டான், கொடுத்தேன். இன்னொருவன் விமானமே இல்லாமல் பறக்க வேண்டும் என்றான், அதையும் கொடுத்தேன். பந்தியில் பாயசம் ஊற்றுகிற மாதிரி கேட்டவர்களுக்கெல்லாம் ஊற்றிக்கொண்டே போனேன். இருபது நிமிடம்தான். பறக்கிறவன் பலசாலியைத் தூக்கிக்கொண்டு போய் ஜப்பானியக் கப்பற்படைத் தளபதி நகுமோவின் தலைமைக் கப்பலான அக்காகியில் இறக்கினான். அக்காகி மூழ்கியது. மற்ற நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களும் அதே வழியில் போயின. எல்லோரும் கைதட்டினார்கள், ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் வரவில்லை. இரண்டு வாரம் மெனக்கெட்டு நான் வெட்டி ஒட்டிய ஹரிக்கேன்களை அன்றைக்கு யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

இதற்கு மருந்து பஸ்ஸில் கிடைத்தது. அட்டனிலிருந்து வரும் பஸ், டெவன் நீர்வீழ்ச்சிப் பக்கத்து வளைவுகள். ஒரு பக்கம் பள்ளம், முன்னால் பனிமூட்டம். சாரதி ஒரு கையால் போனை எடுத்தார். பஸ்ஸுக்குள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். ஒன்றும் ஆகவில்லை. பஸ் மூன்று செக்கன் நேராகப் போனது, அவ்வளவுதான். ஆனால் அந்த ரோட்டில் மூன்று செக்கன் நேராகப் போனாலே போதும், உனக்குத் தெரியாததா.

அன்றிரவு எழுதிய விதி இது. சக்தியைப் பயன்படுத்துகிற சுற்றில் விமானத்தை ஓட்ட முடியாது. கைப்பிடியை விட்டாயிற்று, விமானம் போன திசையிலேயே, போன வேகத்திலேயே நேராகப் போகும். அந்தச் சுற்றில் உன்னைச் சுடுகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு கட்டை கூடுதல்.

இதை நான் இட்டுக்கட்டவில்லை, விமானமே அப்படித்தான். வலக்கையில் கைப்பிடி, இடக்கையில் எஞ்சின் வேக நெம்பு, இரண்டு காலும் சுக்கான் மிதியில். ஹரிக்கேனில் சில்லுகளை உள்ளே இழுக்கிற நெம்பு வேறு வலப்பக்கம் இருக்கிறது. அதனால் தரையை விட்டு எழும்பியவுடனே விமானி கைப்பிடியை இடக்கைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இதில் மந்திர வேலைக்கு மூன்றாவது கைக்கு எங்கே போவது?

விதி வந்த பிறகு ஆட்டமே வேறாகிவிட்டது. கூட்டாளியின் எஞ்சின் பற்றி எரிகிறது. தீயை அணைக்கிற சக்தி உனக்கு இருக்கிறது. உன் வாலுக்குப் பின்னால் சீரோ வந்துவிட்டது. அணைப்பாயா, திரும்பித் தப்புவாயா? முதல் தடவை இந்த நிலைமை வந்தபோது, பஸ்ஸில் கேட்ட அதே அமைதி மேசையைச் சுற்றியும் வந்தது. நான் பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். நீயும் அப்படி இரு. அந்த இடத்தில் நடத்துநர் பேசினால் கெட்டுவிடும்.

விமானம் இல்லாமல் பறக்கிறவனையும் மறுக்க வேண்டாம். பீதுருதாலகால உச்சி 2524 மீட்டர். சண்டை பெரும்பாலும் அதற்கும் மேலே. 4000 மீட்டரில் காற்றைக் கிழித்துக்கொண்டு வெறும் உடம்போடு போகிறவன் எத்தனை ஸ்வெட்டர் போட்டிருக்கிறான் என்று கேள். கடலோரத்துப் பையன்கள் சிரிப்பார்கள். நம் ஆட்களுக்கு உடனே விளங்கும்.

சரி, கட்டைக் கணக்கு. பத்து முகக் கட்டைகள் பெட்டியின் மூலையில் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. ஆளுக்கு உள்ள கட்டைகளை ஒன்றாக உருட்ட வேண்டும். ஏதாவது இரண்டில் ஒரே எண் விழுந்தால் எடுத்த காரியம் பலித்தது. ஆறு கட்டை என்றால் நூற்றுக்கு 85 தடவை பலிக்கும். ஐந்துக்கு 70, நாலுக்கு 50, மூன்றுக்கு 28, இரண்டுக்கு வெறும் 10. இந்த ஐந்து எண்ணையும் மனப்பாடம் செய். ஏனென்றால் பயத்துக்கு நான் வைத்திருக்கும் விலை இரண்டு கட்டை. பக்கத்தில் பறந்தவன் எரிந்து விழுவதைக் கண்டவனுக்கு அடுத்த சுற்றில் இரண்டு குறையும். ஐந்து மூன்றாகும், 70 என்பது 28 ஆகும். மாயசக்தி என்று நாம் சொல்வது மனத்திடம்தானே, மனம் நடுங்கினால் அதுவும் நடுங்கத்தான் வேண்டும். நானும் முதலில் ஒரு கட்டைதான் குறைத்தேன். ஒருவரும் பயப்படவில்லை.

விமானம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று காட்ட உடைந்த ரேடியோக்களின் ஏரியல்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு காந்தம், கீழே தகர மூடி. ஏரியலில் ஒரு கணு ஏறினால் ஓர் உயரப் படி. ஏறுவதற்கு இரண்டு கட்டம் வேகத்தை இழக்க வேண்டும், இறங்கினால் இரண்டு கட்டம் கிடைக்கும். தேயிலை மலையில் கொழுந்துக்கூடையோடு ஏறி இறங்குகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. உயரம் என்பது சேமித்து வைத்த வேகம்.

உன் கூட்டாளிகள் முதல் நாளே சீரோவோடு வட்டம் போடப் பார்ப்பார்கள். விடு, ஒரு தடவை செத்துப் படிக்கட்டும். சீரோ சின்ன வட்டத்தில் திரும்பிவிடும், ஹரிக்கேனால் முடியாது. ஆனால் சீரோவில் விமானிக்குக் கவசம் கிடையாது, ஓட்டை விழுந்தால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தாங்கியும் கிடையாது. அதன் இரண்டு பீரங்கிகளுக்கும் தலா 60 குண்டுகள்தான், சில செக்கன்களில் தீர்ந்துவிடும். அதனால் மேலேயிருந்து பாய்ந்து சுட்டுவிட்டு, நிற்காமல் கீழே போய்விட வேண்டும். இதை எதிரணித் தலைவன் வாயாலேயே சொல்லவைக்கலாம்; நான் ஒரு தடவை அப்படிச் செய்தேன், கொஞ்சம் நாடகத்தனமாகப் போய்விட்டது. அப்புறம் பன்னிரண்டு சீரோவையும் தனித்தனியாக நகர்த்தி மண்டையை உடைத்துக்கொள்ளாதே. அப்போது ஜப்பானியர் மூன்று மூன்றாகத்தான் பறந்தார்கள். தலைவனை நகர்த்து, மற்ற இரண்டும் பின்னால் வரட்டும்.

கொழும்புச் சண்டையை முதல் நாளே வைக்காதே. ஏப்ரல் 4, சாயங்காலம். கொக்கலையிலிருந்து போன கட்டலினா ஒன்று தெற்குக் கடலில் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டது. கனடாக்காரரான பர்ச்சல் அதன் தலைவர், ஆட்கள் ஒன்பது பேர். கண்டதை ரேடியோவில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சீரோக்கள் வந்து சுட்டு வீழ்த்தின. ஆறு பேர் உயிரோடு சிறைபிடிக்கப்பட்டார்கள். முதல் நாள் ஆட்டத்துக்கு இதைவிட நல்லது கிடையாது. ஐந்து பேரும் அந்தக் கட்டலினாவில் இருக்கட்டும். தப்ப முடியாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிடு. செய்தி முழுதாகப் போனதா என்பதுதான் வெற்றியும் தோல்வியும். செய்தியை ஆறு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன், சுற்றுக்கு ஒரு துண்டு. எத்தனை துண்டு போய்ச் சேர்ந்ததோ அதை வைத்து இரண்டாம் நாள் கொழும்பில் எத்தனை ஹரிக்கேன் முன்கூட்டியே மேலே இருக்கும் என்று தீர்மானி.

உண்மையில் அந்தச் செய்தி போயும், மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு காலையில் தாக்குதல் விமானங்கள் தலைக்கு மேல் வந்தபோது இரத்மலானை ஹரிக்கேன்கள் தரையில்தான் நின்றன. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலை விமான ஓடுதளமாக்கியிருந்தார்கள். அங்கிருந்து 14 ஹரிக்கேன்கள் எழும்பின, 9 திரும்பவில்லை. எதிரில் சீரோ மட்டுமே 36. டோர்பிடோக்களோடு வந்துகொண்டிருந்த ஆறு பிரிட்டிஷ் சுவோர்ட்ஃபிஷ் விமானங்கள் வழியில் மாட்டி ஆறும் விழுந்தன. இதையெல்லாம் உன் ஆட்கள் மாற்றலாமா என்று கேட்டாய். மாற்றட்டும், ஆனால் அந்த ஆறில் ஒன்றையோ இரண்டையோ காப்பாற்றுகிற அளவுக்கு. கப்பற்படையையே திருப்பி அனுப்ப விட்டால் மறுபடி பாயசம் ஊற்றுகிற கதைதான்.

இனி, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்த விஷயம்.

மூன்றாவது தடவை ஆடும்போது ஒரு பெண் புதிதாக வந்தாள். அவள் அம்மாவின் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வன்னிக்குப் போனது. இவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான், கிபிர் ஜெட்கள் வந்து குண்டுபோட்ட போர்க்காலத்தில். ஆட்டம் சூடு பிடித்து, ஒரு பையன் குண்டுபோடும் விமானம் பாய்கிற சத்தத்தை வாயால் எழுப்பினான். நன்றாகவே செய்தான். அவள் கையிலிருந்த கட்டைகளை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். நான் பின்னால் போனேன். பனிக்குள்ளே நின்றுகொண்டிருந்தாள். "கிபிர் வந்தா நாங்க பங்கருக்குள்ள இருந்து எண்ணுவோம் அக்கா, திரும்பி வருதா போகுதான்னு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு ஆட்டத்தை அதோடு நிறுத்தினேன். அவள் இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தாள். விமானம் வேண்டாம், தரையில் இருக்கிற ஆள் வேண்டும் என்றாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிற ஒரு பெண். அவளுடைய சக்தி காது. எஞ்சின் சத்தத்தை வைத்து எத்தனை விமானம், எந்தத் திசை, ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லிவிடுவாள். சுடவும் மாட்டாள், பறக்கவும் மாட்டாள். கைப்பிடி விதியும் அவளுக்கு ஒட்டாது, பிடிக்க ஒன்றும் இல்லையே. அன்றிலிருந்து மேலே பறந்த நான்கு பேரும் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் அவள் முகத்தைப் பார்த்தார்கள். சுடப்பட்ட விமானம் எங்கே விழுகிறது என்று முதல் தடவையாக ஒருவன் கேட்டான். அதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. இப்போது விழுகிற ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு கட்டை உருட்டி, கடலா, வயலா, வீடா என்று பார்க்கிறோம்.

அதனால் நீ செய்ய வேண்டியது இரண்டு. தொடங்குவதற்கு முன்னால், எந்தச் சத்தம், எந்தப் பேச்சு வேண்டாம் என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கேள். கூட்டத்தில் கேட்டால் சொல்லமாட்டார்கள். ஐந்து பேரில் ஒருவரையாவது தரையில் வை. என்ன சக்தி என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். நீ போனில் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான்.

மிச்சம் சில்லறை விஷயங்கள். பொம்மைகள் 200இல் ஒரு பங்கு அளவு. ஹரிக்கேன், சீரோ இரண்டுமே கிட்டத்தட்ட 12 மீட்டர் அகலம், அதனால் பொம்மை 6 சென்டிமீட்டர். பிரிஸ்டல் போர்ட்தான், நனைந்தால் போச்சு. வட்டச் சின்னங்கள் என் கியூடெக்ஸ். ஹரிக்கேன் சின்னத்தின் நடுவில் சிவப்பு இருப்பது பிழை என்று எவனாவது சண்டைக்கு வருவான். ஜப்பானியச் சின்னத்தோடு குழம்பாமல் இருக்க ஆசியப் பக்கத்தில் சிவப்பை எடுத்தது பிறகுதான், 1942 ஏப்ரலில் இருந்தது என்று சொல். கதையைத் தொடர ஆசை வந்தால், நேச நாட்டுப் படைகளின் தென்கிழக்காசியத் தளபதி மவுண்ட்பேட்டன் 1944இல் தன் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்தார். சக்தி உள்ளவர்களுக்கு அங்கே ஓர் இரகசிய அறை ஒதுக்கிவிடு.

கட்டலினாவின் இடது இறக்கையை நேற்றுத்தான் ஒட்டினேன், ஒரு நாள் தொடாதே. கட்டம் போட்ட நீலத் துணி அம்மாவின் வொயில் சேலை. ஐந்தரை மீட்டர் நீளம் இருப்பதால் துரத்தல் காட்சிகளில் ஒரு பக்கம் சுருட்டி மறு பக்கம் விரித்துக்கொண்டே போகலாம். அது சித்தி அம்மாவுக்கு எடுத்துக்கொடுத்த சேலை. நான் மார்க்கரால் அறுகோணம் போட்டது சித்திக்குத் தெரியாது. அவர் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து விரி.

அன்புடன்,
அக்கா