எகிப்தியரும் "என் ஜனம்"தான்

ஆசிரியர் அய்யா அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

சென்ற இதழில் வேதாகமத்தின் தீர்க்கதரிசன ஆகமங்களைப் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: "இஸ்ரவேலுக்கு நம்பிக்கை, புறஜாதிகளுக்கு அக்கினி, தீர்க்கதரிசிகள் சொன்னது இவ்வளவுதான்." புறஜாதிகள் என்றால் இஸ்ரவேலர் அல்லாத மற்ற ஜனங்கள். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. எழுதியவர் எழுதிவிட்டார், சரி. அதை அப்படியே அச்சுக்கு விட்ட தாங்கள் ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகம் 19-ஆம் அதிகாரத்தை வாசிக்காதவர் அல்லவே!

அந்த அதிகாரம் "எகிப்தின் பாரம்", அதாவது எகிப்தின் மேல் வரும் தண்டனையின் செய்தி, என்றுதான் தொடங்குகிறது. நதி வற்றுகிறது, தூண்டில் போடுகிறவன் புலம்புகிறான். ஆனால் 22-ஆம் வசனத்தில் கர்த்தர் எகிப்தை அடிப்பதோடு நிற்கவில்லை, அடித்துக் குணமாக்குகிறார். கடைசி வசனத்தில் எகிப்தை "என் ஜனம்" என்கிறார், அசீரியாவை "என் கரங்களின் கிரியை" என்கிறார். இஸ்ரவேல் மூன்றாவதாக நிற்கிறது. அசீரியா யார்? கி.மு. 722 வாக்கில் இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவைப் பிடித்து ஜனங்களைச் சிறைகொண்டு போன ராஜ்யம். கி.மு. 701-ல் யூதாவின் பட்டணமான லாகீசை இடித்துவிட்டு, அந்தக் காட்சியைத் தன் அரண்மனைச் சுவரிலேயே செதுக்கி வைத்தான் அசீரிய ராஜா சனகெரிப். அப்படிப்பட்டவர்களுக்கும் அந்த வார்த்தை உண்டு.

ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகத்தையாவது பார்த்திருக்கலாம். தமஸ்கு, காசா, தீரு என்று சுற்றியிருந்த ஜனங்களின் குற்றங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து மோவாபிடம் நிற்கிறார். மோவாபின் குற்றம் என்ன? ஏதோம் ராஜாவின் எலும்புகளை நீறாகச் சுட்டது. இதில் இஸ்ரவேலுக்கு ஒரு நஷ்டமும் இல்லை; அந்நியன் அந்நியனுக்குச் செய்த கொடுமை. அதையும் கர்த்தர் கேட்கிறார். அப்புறம் யூதா, அப்புறம் இஸ்ரவேலே கூண்டில் ஏறுகிறது, ஏழையை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றதற்காக. எரேமியா 48-லும் மோவாபுக்கு அழிவு என்று பக்கம் பக்கமாக வருகிறது. கடைசி வசனத்தில் அதன் சிறையிருப்பைத் திருப்புவேன் என்கிறார். அம்மோனுக்கும் ஏலாமுக்கும் அப்படியே.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், இந்த "அக்கினி" பிரசங்கத்தை நான் நேரில் கேட்டவள். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கடற்கரையில் பந்தல் போட்டு, வெளியூரிலிருந்து வந்த ஒருவர் ஒலிபெருக்கியில் இது சிலை வணங்கினவர்கள் மேல் வந்த நியாயத்தீர்ப்பு என்றார். இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய் மறுநாள் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். "டீச்சர், உங்க சாமிக்கு எங்க மேல என்ன கோபம்?" என்று கேட்டாள். அவள் முந்தானையில் இன்னும் மணல் ஒட்டியிருந்தது. மோவாபுக்காகத் தன் இருதயம் ஓலமிடுகிறது என்று ஏசாயா அழுகிறாரே, அந்த அழுகையில் பாதியாவது அந்தப் பந்தலில் இருந்திருந்தால் அவள் அப்படிக் கேட்டிருக்க மாட்டாள்.

தங்கள் சிறுவர் பக்கத்தில் யோனா வந்தால் மீன் படம் மட்டுமே வருவதைப் பற்றியும் முன்பு இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டும் வெளிவரவில்லை. ஞாயிறு பள்ளியில் நான் ஆமணக்கு இலை ஒன்றை ஒடித்துக் கொண்டுபோய்ப் பிள்ளைகள் தலைமேல் பிடித்துக் காட்டுவேன். யோனாவே, உனக்கு நிழல் தந்து வாடிப்போன இந்த ஆமணக்குச் செடிக்காக வருத்தப்படுகிறாயே, வலதுகை இடதுகை தெரியாத இலட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இருக்கிற அசீரியரின் பட்டணமான நினிவேக்காக நான் பரிதபிக்கக் கூடாதா என்று கர்த்தர் கேட்ட இடத்தில் அந்தப் புத்தகம் முடிகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கும் அது புரிந்தது அய்யா.

பெரிய மறுப்பு எதுவும் வேண்டாம். அடுத்த இதழில் எங்காவது ஒரு மூலையில் ஏசாயா 19:23 முதல் 25 வரை மூன்று வசனங்களையும் முழுதாகப் போடுங்கள். இடம் இல்லையென்றால் என் கடிதத்தை விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை, தரங்கம்பாடி