பிரிந்திருந்த ஆண்டுகளும் கேட்கின்றன

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலைந்துபோய் மீண்டும் கூடிய ஹெவி மெட்டல் குழுக்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இக்குழுக்கள் அனைத்தும் பழைய பாட்டைப் பழைய ரசிகருக்கே மறுபடி விற்கின்றன என்பது கட்டுரையாளரின் முடிவு. பல குழுக்களைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் லிவர்பூலைச் சேர்ந்த கார்கஸ் குழுவையும் அந்த வரிசையில் நிறுத்தி, பிணங்களைப் பற்றிப் பாடிப் பெயர்பெற்றவர்கள் என்று ஒரு வரியில் கடந்துபோயிருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. முப்பது ஆண்டுகளாக அந்த இசையைக் கேட்டுவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பிணங்களைப் பற்றிப் பாடினார்கள் என்பது பொய்யில்லை. பில் ஸ்டீர் கித்தார், ஜெஃப் வாக்கர் பேஸ், கென் ஓவன் டிரம்ஸ் என்று மூவராக அவர்கள் 1988இல் வெளியிட்ட 'ரீக் ஆஃப் பியூட்ரிஃபாக்ஷன்' நாற்பது நிமிடத்துக்குள் 22 பாடல்களைக் கொண்டது. பாடல் வரிகள் மருத்துவ அகராதியிலிருந்து வந்தவை. உறையில் இருந்தது மருத்துவ நூல்களின் பிரேதப் படங்களை வெட்டி ஒட்டிய தொகுப்பு. அதே நாட்களில் வாக்கரும் ஸ்டீரும் புலால் உண்ணாதவர்களாக இருந்தார்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான், மனித உடலையும் இறைச்சியாகவே காட்டும் அந்த வரிகளின் கோபம் புரியும். ஒலிப்பதிவு மங்கலாக அமைந்துவிட்டதில் குழுவினருக்கே மனக்குறை உண்டு. ஆயினும் பிபிசி வானொலியின் இசை நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜான் பீல் அந்த ஆண்டில் தமக்கு மிகவும் பிடித்த ஆல்பமாக அதைத்தான் குறிப்பிட்டார். அருவருப்பை மட்டும் நம்பிய ஓர் ஆல்பம் அவ்வளவு கூர்மையான செவியை எட்டியிருக்காது என்பது என் எண்ணம்.

அந்த இசை எப்படி அமைந்தது என்பதைக் கட்டுரை சொல்லவேயில்லை. ஸ்டீர் தம் கித்தாரின் ஆறு தந்திகளையும் வழக்கமான சுருதியிலிருந்து ஐந்து அரைச்சுரம் கீழே இறக்கிக்கொண்டார். அவ்வளவு தளர்ந்த தந்தியில் வேகமாக வாசிக்கும்போது சுரங்கள் ஒன்றோடொன்று குழைந்து ஒரே இரைச்சலாகிவிடும்; முதல் ஆல்பத்தில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான். அடுத்த ஐந்து ஆண்டுகளில் அவர்கள் செய்ததெல்லாம், அந்தக் கனத்தைக் கைவிடாமல் ஒவ்வொரு சுரமும் தனித்துக் கேட்கும்படி செய்ய முயன்றதுதான். 1989இல் 'சிம்ஃபனீஸ் ஆஃப் சிக்னஸ்' வந்தபோது பாடல்கள் நீண்டன, நடுவே வேகம் குறைந்து ரிஃப்கள், அதாவது திரும்பத் திரும்ப வரும் கித்தார் சொற்றொடர்கள், மூச்சுவிட்டன. மைக்கேல் அமோட் இரண்டாம் கித்தார் கலைஞராகச் சேர்ந்தபின் 1991இல் வந்த 'நெக்ரோட்டிசிசம்' எட்டே பாடல்களைக் கொண்டது. ஒவ்வொன்றிலும் தாளம் திரும்பத் திரும்ப மாறி, கேட்பவரை எங்கெங்கோ அழைத்துப்போய்த் தொடங்கிய இடத்தில் கொண்டுவந்து விடும்.

1993இல் வெளிவந்த 'ஹார்ட்வொர்க்' பற்றி உங்கள் கட்டுரையாளர், குழு இறங்கிப்போய்ச் சந்தைக்காக மென்மையானது என்று எழுதியிருக்கிறார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஆல்பத்தில் இரண்டு கித்தார்களும் இணைந்து மூன்றாம் சுர இடைவெளியில் மெட்டிசைப்பது எழுபதுகளின் பிரிட்டிஷ் ராக் மரபிலிருந்து வந்தது. அதைத் தாழ்ந்த சுருதியின் மேலும், வாக்கரின் கரகரத்த குரலின் பின்னாலும் நிறுத்தியபோது, இரண்டில் எதுவும் மற்றதற்காக விட்டுக்கொடுக்கவில்லை. பின்னர் 'மெலடிக் டெத் மெட்டல்' என்று பெயர்பெற்ற, கனத்த இசையோடு மெட்டையும் இணைக்கும் வகைக்கு ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரக் குழுக்களோடு சேர்த்து இந்த ஆல்பமும் ஆதாரமாகக் கருதப்படுகிறது. ஒரு புதிய வகை பிறக்கக் காரணமான படைப்பை மென்மையானது என்று ஒதுக்குவதற்கு முன்பு, ஒருமுறையாவது அதை முழுமையாகக் கேட்டிருக்கலாம்.

அமோட் அந்த ஒலிப்பதிவோடு விலகினார். பெரிய இசை நிறுவனத்தோடு ஏற்பட்ட உறவும் கசந்துபோனது. 'ஸ்வான்சாங்' 1996இல் கடைக்கு வருவதற்கு முன்பே குழு கலைந்திருந்தது. அதில் நல்ல ரிஃப்கள் சில உண்டு. ஆனால் களைப்பும் கேட்கிறது.

இனிமேல்தான் என் முக்கியமான வாதம். கலைந்தபின் ஸ்டீர் 'ஃபயர்பேர்ட்' என்ற மூவர் குழுவை அமைத்து, எழுபதுகளின் பாணியில் ப்ளூஸ் ராக் வாசித்தார். அமோட் 'ஆர்ச் எனிமி' என்ற குழுவைத் தொடங்கினார். கென் ஓவனுக்கு 1999இல் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டது. நெடுநாள் நினைவற்றுக் கிடந்து, மெல்ல மெல்ல மீண்டார். ஆனால் பழைய வேகத்தில் டிரம்ஸ் வாசிக்கும் வலிமை அவருக்குத் திரும்பவில்லை. 2008இல் குழு மறுபடி மேடையேறியபோது ஆர்ச் எனிமியின் டேனியல் எர்லாண்ட்சன் அவர் இடத்தில் அமர்ந்தார். அந்த நிகழ்ச்சிகள் சிலவற்றில் ஓவனும் மேடைக்கு வந்து, சிறிது நேரம் தனியாக டிரம்ஸ் வாசித்தார். அப்போது அரங்கம் எழுப்பிய ஆரவாரத்தைப் பதிவில் கேட்டவர்கள் எவரும் இதைப் பழைய சரக்கின் விற்பனை என்று சொல்லத் துணியமாட்டார்கள்.

மேடையோடு நின்றிருந்தால் கட்டுரையாளரின் தீர்ப்பை நானும் ஓரளவு ஒப்புக்கொண்டிருப்பேன். அமோட்டும் எர்லாண்ட்சனும் 2012இல் தங்கள் குழுவுக்கே திரும்பிவிட, ஸ்டீரும் வாக்கரும் டான் வைல்டிங் என்ற இளைஞரை டிரம்ஸுக்குச் சேர்த்துக்கொண்டு, மூவராகவே 'சர்ஜிகல் ஸ்டீல்' ஆல்பத்தைப் பதிவுசெய்து 2013இல் வெளியிட்டார்கள். ஸ்வான்சாங் வந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. எல்லாக் கித்தார்களையும் ஸ்டீர் ஒருவரே வாசித்தார். நெக்ரோட்டிசிசத்தின் வளைவுகளும் ஹார்ட்வொர்க்கின் மெட்டுகளும் அதில் உண்டு என்பது முதல்முறை கேட்டாலே தெரியும். இரண்டாம் மூன்றாம் முறை கேட்கையில் தெரிவது வேறு. ஸ்டீரின் சோலோக்களில் இளமையின் அவசரம் போயிருக்கிறது. தந்தியை இழுத்து, சுரத்தைச் சற்றே காக்கவைத்து, பிறகு விடுகிறார். அது ப்ளூஸ் கற்றுத்தந்த பொறுமை. 1993இன் ஸ்டீர் அப்படி வாசித்திருக்கமாட்டார்.

ஓவனின் டிரம்ஸ் கடிகாரம் போன்றதன்று. பிளாஸ்ட் பீட் எனப்படும் இடைவிடாத அதிவேக அடியிலும் ஓர் அசைவு இருக்கும். எதிர்பாராத இடத்தில் ஓர் உருட்டல் வந்து ரிஃபைத் தூக்கிவிடும். வைல்டிங் அவரைவிடத் துல்லியமானவர். ஆனாலும் அந்த அசைவை ஊன்றிக் கற்றே வாசித்திருக்கிறார் என்பது ஒவ்வொரு பாடலிலும் கேட்கிறது. ஓவனும் அந்த ஆல்பத்தில் இருக்கிறார். பின்னணியில் ஒலிக்கும் குரல்களில் ஒன்று அவருடையது. 2021இல் வந்த 'டார்ன் ஆர்ட்டரீஸ்' ஆல்பத்துக்கு, சிறுவயதில் ஓவன் வீட்டில் பதிவுசெய்த ஒலிநாடா ஒன்றின் பெயரையே சூட்டினார்கள். அழுகும் காய்கறிகளால் அமைந்த ஓர் இதயம் அதன் உறையில் இருக்கிறது. 1988இன் பிரேதப் படங்களிலிருந்து அங்கே வந்துசேர்ந்த வழியை நினைத்துப் பாருங்கள். ஏறத்தாழப் பத்து நிமிடம் நீளும் ஒரு பாடலும் அதில் உண்டு. அதன் தலைப்பு 1987இல் அவர்கள் வெளியிட்ட டெமோ (மாதிரி ஒலிப்பதிவு) ஒன்றின் பெயரிலிருந்து வந்தது. இசையோ அன்று அவர்கள் கற்பனை செய்திருக்கவும் முடியாதது. பழைய பெயரை எடுத்துக்கொண்டு அதற்குள் புதியதை வைப்பதற்கும் பழையதையே திரும்ப வாசிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் கட்டுரையாளர் கவனிக்கத் தவறிவிட்டார்.

தங்களிடம் என் வேண்டுகோள் இது. மீண்டும் கூடிய குழுக்களைப் பற்றி அடுத்தமுறை எழுதச் செய்யும்போது, எத்தனை பேர் கூடினார்கள், எவ்வளவு வருவாய் வந்தது என்பதோடு, கூடியபின் புதிதாக என்ன எழுதினார்கள் என்பதையும் கேட்டு எழுதும் ஒருவரிடம் அந்தப் பணியைக் கொடுங்கள். கார்கஸைப் பற்றித் தனிக்கட்டுரை வருமானால், கென் ஓவனின் டிரம்ஸுக்கு அதில் சில பத்திகளாவது ஒதுக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்